பக்கவிளக்கில் இருந்த எண்

‘எஸ்எஸ் 350’ என்று சொல்லித்தான் முந்தைய உரிமையாளர் விற்றார். எஸ்எஸ் என்றால் ‘சூப்பர் ஸ்போர்ட்’, 350 என்பது என்ஜினின் கன அங்குல அளவு. 1968 செவ்ரலே காமரோ, இரண்டு கதவு, நான்கு கியர், சிவப்பு நிறம். பானட்டின் மேல் காற்றுத் துளை போலத் தோன்றும் இரண்டு அலங்காரத் தகடுகள், கிரில்லின் நடுவில் எஸ்எஸ் முத்திரை, பெட்ரோல் மூடியிலும் அதே முத்திரை, முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பக்கவிளக்கின் சட்டத்தில் 350 என்ற எண். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்தேன். சின்சினாட்டிப் புறநகரில் உள்ள எங்கள் கராஜில் டிரெய்லரிலிருந்து அது இறங்கிய நாளில் எனக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. இந்தக் கார் உருவான நார்வுட் ஆலை, இந்த ஊருக்குள்ளேயே தீவு போல இருக்கும் நார்வுட் நகரத்தில்தான் இருந்தது. ஆலையை 1987இல் மூடிவிட்டார்கள் என்றாலும், பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண் மாதிரி என்று மனைவியிடம் சொன்னேன். “சீர்வரிசை எவ்வளவு ஆயிற்று?” என்று கேட்டாள். வீட்டில் சொன்ன தொகையோடு இங்கேயும் நிறுத்திக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியவை என்று எழுதி வைத்தது மூன்று வேலை. என்ஜினின் இடப்பக்கத்தில் ரேடியேட்டர் நீர் கசிகிறது. பிரேக் மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. வேகமாகக் கிளப்பினால் பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். மூன்று மாதத்தில் முடித்து ஓட்டிவிடலாம் என்பது திட்டம். இதை எழுதும்போது பதினான்காவது மாதம் நடக்கிறது.

சந்தேகத்தை முதலில் கிளப்பியவர் எதிர்வீட்டுப் பெரியவர். இளம் வயதில் புத்தம் புதிய 1967 காமரோ ஒன்றை வைத்திருந்தவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் நின்று, “இது 396ஆ?” என்று கேட்டார். இல்லை, 350 என்றேன். “அப்படியென்றால் பின்தகடு ஏன் கறுப்பாக இருக்கிறது?” என்றார். டெயில் விளக்குகள் பதிந்திருக்கும் அந்தத் தகட்டுக்குக் கறுப்புப் பூச்சு, பெரிய 396 கன அங்குல என்ஜின் வைத்த எஸ்எஸ் வண்டிகளுக்கு உரியது. 350க்கு அது வண்டியின் நிறத்திலேயே இருக்கும். யாராவது பிறகு அடித்திருப்பார்கள் என்று சமாதானம் சொன்னேன். அவர் சக்கரத்தின் இடைவெளி வழியாக உள்ளே குனிந்து பார்த்தார். “ரேலி சக்கரம் போட்டிருக்கிறார்கள், உள்ளே டிரம் பிரேக். அந்த வருடம் இந்தச் சக்கரம் டிஸ்க் பிரேக் கேட்டு வாங்கியவர்களுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, தேநீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் காலை காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். 1967 வண்டியில் அடையாள எண் ஓட்டுநர் கதவின் கீல் பக்கத் தூணில் இருக்கும். 1968 முதல் டாஷ்போர்டின் இடது மேல் ஓரத்துக்கு வந்துவிட்டது, கண்ணாடி வழியாகவே படிக்கலாம். என் வண்டியில் அது 124378 என்று தொடங்கி, ‘என்’ என்ற எழுத்தும் ஆறு இலக்க வரிசை எண்ணும் கொண்டது. 1 என்றால் செவ்ரலே. 24 என்றால் எட்டு சிலிண்டர் வி8 காமரோ. ஆறு சிலிண்டர் என்றால் 23 என்று இருந்திருக்கும். 37 என்றால் நிலையான கூரை. கூரை மடங்கும் வகை 67. அடுத்த 8 ஆண்டைக் குறிக்கும். ‘என்’ நார்வுட், கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலையில் செய்திருந்தால் ‘எல்’. இத்தனையிலும் எஸ்எஸ் என்பதற்கு இடமே இல்லை.

போலி காமரோக்கள் இத்தனை உலவுவதற்கு வேர்க்காரணம் இதுதான். அதே கம்பெனியின் செவெல் எஸ்எஸ் 396ஐ 1966 முதல் 1968 வரை தனி வரிசையாகவே வைத்திருந்தார்கள். அடையாள எண்ணில் 138 இருந்தால் சந்தேகமே வேண்டாம். பான்டியாக் ஜிடிஓவும் 1966 முதல் 242 என்று தன் பெயரைத் தானே சொல்லும். காமரோவில் எஸ்எஸ் என்பது தனி மாடல் இல்லை. விருப்பப் பட்டியலில் ரேடியோ, கறுப்பு வினைல் கூரை, பவர் ஸ்டீயரிங் ஆகியவற்றோடு சேர்ந்து நிற்கும் இன்னொரு வரி, 350 என்ஜினோடு இருநூற்றுப் பத்து டாலர் சொச்சம். ஆர்எஸ் என்ற அலங்காரத் தொகுப்பும் அப்படித்தான்: மூடித் திறக்கும் கதவுக்குப் பின்னால் ஒளியும் ஹெட்லைட்டுகள், பம்பருக்குக் கீழே இறங்கிவிட்ட ரிவர்ஸ் விளக்குகள். எஸ்எஸ்ஸும் ஆர்எஸ்ஸும் சேர்த்து வாங்கலாம், ஒன்று மட்டும் வாங்கலாம், இரண்டும் வேண்டாம் என்றும் சொல்லலாம். இன்று இந்த இரண்டெழுத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கப்படும் பணத்தில் அன்று நாலைந்து புதுக் காமரோ வாங்கியிருக்கலாம்.

என்ஜின் அறையின் பின்தடுப்பில் சிறிய உடல் தகடு ஒன்று உண்டு. என் தகட்டில் 03சி: மார்ச் மாதம், மூன்றாவது வாரம். நிறத்துக்கு ‘யு’, அதாவது லீமான்ஸ் நீலம். சிவப்பு வண்டியில் நீலக் குறியீடு! டாஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஆமாம், மூலையில் அழகான அடர்நீலம் அப்படியே இருக்கிறது. 1969 மாடலின் நார்வுட் தகடுகளில் தயாரிப்பு தொடங்கிச் சில மாதங்களுக்குப் பிறகு தொகுப்பைக் காட்டும் எக்ஸ் குறியீடுகள் வரத் தொடங்கின. 1968 தகடு அப்படி எதையும் சொல்லாது.

ஆவணச் சாட்சி இரண்டு உண்டு. உத்தரவாதப் புத்தகத்தோடு வரும் சிறிய உலோகத் தகட்டில் என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் ஆகியவற்றின் குறியீடுகள் புடைத்திருக்கும். அது முதல் உரிமையாளரோடு எங்கே போனதோ. இன்னொன்று ஆலையில் வண்டியோடு பயணித்த தயாரிப்புத் தாள்; பின் இருக்கையின் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டாங்கியின் தலையிலோ சிலருக்குக் கிடைத்திருக்கிறது. டாங்கியை இறக்கினேன். எலிக்கூடு கிடைத்தது. அந்தத் தாளைக் கிழித்துத்தான் கட்டியிருந்ததோ என்னவோ, ஒரு சதுரத் துண்டில் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கம் மட்டும் படிக்க முடிந்தது. எலிக்கு எது வேண்டாமோ அதை மட்டும் எனக்கு விட்டு வைத்திருந்தது.

எனவே வண்டியையே விசாரிப்பது என்று முடிவு செய்தேன். நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, அட்டையை விரித்து அடியில் படுத்தேன்.

பின் ஆக்சிலின் மூடியில் உள்ள போல்ட்டுகளை எண்ணுவது குழந்தைக்கும் தெரிந்த சோதனை. நான்கு கியர் எஸ்எஸ் என்றால் பன்னிரண்டு இருக்க வேண்டும். எண்ணினேன், பத்து. கிரீஸைத் துடைத்துவிட்டு மீண்டும் எண்ணினேன். துடைத்தால் போல்ட் கூடாது என்பது எனக்கும் தெரியும். பன்னிரண்டு போல்ட் ஆக்சிலின் பெரிய பல்சக்கரம் 8.875 அங்குல விட்டம். பத்து போல்ட்டில் 8.125. இடச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொன்னேன் மகளிடம். வலச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. இரு பின்சக்கரத்துக்கும் சேர்த்து விசை கொடுக்கும் ‘பாசிட்ராக்ஷன்’ இருந்தால் இரண்டும் ஒரே திசையில் சுற்றும். அது இருக்கிறது என்றுதான் விற்றவர் சொல்லியிருந்தார்.

ஆக்சிலைத் தாங்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள் என்று எதிர்வீட்டுப் பெரியவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். லாரிக்கு அடுக்கடுக்காகப் பட்டை வைப்பார்களே, அப்படி இல்லாமல் பக்கத்துக்கு ஒரே ஒரு தடித்த பட்டை. 1967இல் எல்லாக் காமரோவுக்கும் இதுதான். பலமான என்ஜினை வைத்துக் கிளப்பினால் ஒற்றைப் பட்டை முறுக்கிக்கொண்டு, விட்டதும் துள்ளும். ஆக்சிலே குதிரைக்குட்டி மாதிரி குதிக்கும். ஷாக் அப்சார்பர் இரண்டும் ஆக்சிலுக்கு ஒரே பக்கத்தில் இருந்ததால் அவற்றால் அந்தத் துள்ளலைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. 1968இல் ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலுமாக மாற்றினார்கள். எஸ்எஸ், பந்தயத்துக்கென வந்த இசட்-28 போன்ற பலசாலிகளுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள். ஆண்டு மாற்றம் என்றால் கிரில்லையும் பட்டையையும் மாற்றி வாடிக்கையாளரை மயக்குவது என்று இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1920களில் தொடங்கி வைத்த வழக்கம் பெரும்பாலும் அதுதான் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இந்த ஷாக் மாற்றத்தை எந்த விளம்பரப் படமும் காட்டியிருக்க முடியாது. ஓட்டியவர் முதுகு மட்டும்தான் அறியும். என் வண்டியில் ஷாக் முன்னும் பின்னுமாக இருக்கிறது, பட்டை ஒற்றை. அசல் 1968, ஆனால் சாதாரண 1968.

‘டங்’ சத்தம் இங்கேதான் அகப்பட்டது. ஸ்பிரிங்கின் முன்கண்ணில் இருந்த ரப்பர் புஷ் கரைந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. பட்டையை இறக்கி, பழைய புஷ்ஷின் உலோக உறையை ரம்பத்தால் இரண்டு இடத்தில் கீறி, உளியால் உள்ளே மடக்கித் தட்டி எடுத்தேன். புதிய புஷ்ஷை வைஸில் வைத்து அழுத்தினேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முறுக்கினால் ரப்பர் கோணலாகவே இறுகிச் சீக்கிரம் கிழியும்; அதனால் வண்டியின் எடை ஆக்சில் மீது இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. முதல் தடவை இதை மறந்து எல்லாவற்றையும் இறுக்கிவிட்டு, மறுபடி தளர்த்தி, ஒரு மாலைப்பொழுதைத் தாரை வார்த்தேன்.

பெட்ரோல் குழாயை அளந்தேன். எஸ்எஸ்ஸுக்கு 3/8 அங்குலம், ஏறக்குறைய 9.5 மில்லிமீட்டர். காலிப்பர் காட்டியது 7.9, அதாவது 5/16. இந்த இடத்தில் வழக்கு முடிந்துவிட்டது. மிச்சத்தை நான் ஆர்வத்தால் மட்டுமே பார்த்தேன்.

கியர்பாக்ஸ் ‘மன்சி’ என்று சொல்லப்பட்டிருந்தது. இந்தியானாவில் உள்ள ஊரின் பெயரைத் தாங்கிய அந்தப் பெட்டிக்கு இன்றும் தனி மவுசு. பார்த்தவுடன் தெரியும் வித்தியாசம் ஒன்று இருக்கிறது: மன்சியில் பக்க மூடியிலிருந்து இரண்டு நெம்புகள்தான் வெளிவரும், ரிவர்ஸ் நெம்பு பின்னால் வால் பகுதியில் இருக்கும். என்னுடையதில் மூன்று நெம்பும் பக்க மூடியிலேயே இருந்தன. அது ‘சாகினா’ பெட்டி. மிச்சிகன் மாநிலத்துச் சாகினாவின் பெயர். இரட்டைத் துளைக் கார்புரேட்டர் வைத்த 210 குதிரைத்திறன் 327 கன அங்குல என்ஜினுக்கு நான்கு கியர் கேட்டால் இதைத்தான் கொடுத்தார்கள். எரிச்சலோடு எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினேன். அடியில் வெட்டெழுத்து தெரிந்தது: 1, 8, என், பிறகு ஆறு இலக்கம். டாஷ்போர்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்து வந்தேன். அதே ஆறு இலக்கம். விற்றவர் தூக்கிப் பேசிய எதுவும் இந்த வண்டியோடு பிறந்ததில்லை; அவர் தவறாகப் பெயர் சொன்ன இந்தப் பெட்டி மட்டும் 1968 மார்ச்சிலிருந்து கூடவே வந்திருக்கிறது.

அவரை நான் அப்புறம் கூப்பிட்டுப் பேசினேன். சண்டை போடவில்லை. அவரும் யாரிடமோ எஸ்எஸ் என்று நம்பி வாங்கியவர்தான் என்று குரலிலேயே தெரிந்தது. பழைய உதிரிச் சாமான் பெட்டி ஒன்று தன் கொட்டகையில் கிடப்பதாகவும், வேண்டுமானால் அனுப்பி வைப்பதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு வருகிறேன்.

இடப்பக்க முன் ஃபெண்டரில் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. காந்தத்தை வைத்தால் பக்கவிளக்கைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு ஒட்டவில்லை, அடியில் பட்டி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே போனேன். சிவப்பு, சாம்பல் பிரைமர், இளஞ்சிவப்புப் பட்டி, பிறகு தகடு. நீலம் எங்கேயும் இல்லை, அதற்குப் பதில் மங்கிய வெள்ளை. விளக்கைக் கழற்றினால் அது உட்கார்ந்திருந்த துளையின் விளிம்பு பல் பல்லாக இருந்தது, கை ரம்பத்தால் அறுத்தது போல. வலப்பக்கத் துளையோ அச்சில் வெட்டிய சுத்தம், விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கிறது. 1968 ஜனவரி முதல் தேதியிலிருந்து தயாரிக்கும் கார்களுக்குப் பக்கவிளக்கோ பக்கப் பிரதிபலிப்பானோ கட்டாயம் என்று மத்திய பாதுகாப்பு விதி வந்தது. அதனால் 1968 மாடலுக்கு முன்னால் மஞ்சளும் பின்னால் சிவப்புமாகப் பக்கவிளக்குகள் வந்தன. 1967க்கு அவை கிடையாது. ஆக, என் இடப்பக்க ஃபெண்டர் ஏதோ வெள்ளை 1967 வண்டியுடையது. எப்போதோ மோதி நசுங்கியதற்குப் பதிலாகக் கிடைத்ததைப் பூட்டி, துளை போட்டு, பட்டி பார்த்து மறைத்திருக்கிறார்கள்.

வெளியே நின்று பார்ப்பவருக்கு 1967, 1968 இரண்டும் ஒரே கார். பானட், டிக்கி மூடி, பெரும்பகுதித் தகடு எல்லாம் ஒன்றுதான். உதிரிச் சாமான் வாங்கும்போதுதான் ஒவ்வொரு வருடமும் தன் முகத்தைக் காட்டும். முன் கதவில் 1967க்கு ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி தனியாகத் திறக்கும். 1968இல் அதை எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியாக்கி, காற்றுக்கு டாஷ்போர்டின் இரு ஓரத்திலும் உருண்டையான துவாரங்களை வைத்தார்கள். கண்ணாடி, அது ஓடும் தடம், ரப்பர் எதுவும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இதைத் தெரியாமல் நான் வாங்கிய 1967 ரப்பர் செட் இன்னும் கராஜ் ஆணியில் தொங்குகிறது. கிரில்லுக்குள் இருக்கும் பார்க்கிங் விளக்கு 1967இல் வட்டம், 1968இல் நீள்சதுரம். ஆர்எஸ் வண்டிகளின் ஹெட்லைட் கதவை 1967இல் மின்மோட்டார் திறக்கும், அடுத்த வருடம் வேக்குவம். கன்சோலில் கேட்டு வாங்கும் நான்கு சிறு மீட்டர்கள் கூட இடமும் உருவமும் மாறின. 1969ஐப் பற்றிப் பேசவே வேண்டாம்: சக்கர வளைவிலிருந்து பின்னோக்கி ஓடும் மடிப்போடு ஃபெண்டர், கதவு, பின்பக்கம் எல்லாம் புதுத் தகடு; சாவித் துவாரமும் டாஷ்போர்டிலிருந்து ஸ்டீயரிங் தண்டுக்குப் போய்விட்டது. ஃபோர்டின் மஸ்டாங்கை விரட்டிப் பிடிக்க அவசரமாக இறக்கிய ஒரு காரை, விற்றுக்கொண்டே திருத்திய கதை இது. 1967இல் 2,20,906, மறு வருடம் 2,35,147, அதற்கடுத்து 2,43,085 வண்டிகள்.

பிரேக் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கம் இழுத்ததற்குக் காரணம் இடது முன்சக்கரத்தின் பிரேக் சிலிண்டர் இறுகிப்போனது. டிரம்மையே விட்டுவிட்டு டிஸ்க் போட்டேன். 1967, 1968இல் டிஸ்க் கேட்டவர்களுக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர் கொடுத்தார்கள்; துரு ஏறினால் நான்கு இடத்தில் ஒழுகும். 1969இல் ஒற்றைப் பிஸ்டன் வந்தது, எளிமையானது, சாமானும் எங்கும் கிடைக்கிறது. அதையே ஸ்பிண்டிலோடு சேர்த்துப் பூட்டினேன். அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டரும் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் வேண்டும். அசலுக்கு இது விரோதம் என்பார்கள். வீட்டுப் பிள்ளை ஓட்டப்போகும் வண்டியில் பிரேக்குக்கு நான் ஜாதகம் பார்ப்பதில்லை.

கடைசியில் என்ஜின். இடப்பக்கச் சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. கேஸ்கெட் நன்றாகவே இருந்தது. குற்றவாளி போல்ட்டுகள். செவ்ரலேயின் இந்தச் சின்ன வி8இல் ஹெட் போல்ட் துளைகள் நேராக நீரோடும் அறைக்குள் இறங்குகின்றன. ஹெட்டுக்குப் பதினேழு போல்ட், ஒவ்வொன்றின் மரையிலும் சீலன்ட் தடவாவிட்டால் நீர் மரை வழியே ஏறிவரும். முன்பு பூட்டியவர் உலர்ந்த போல்ட்டையே முறுக்கியிருந்தார். கம்பித் தூரிகையால் மரைகளைச் சுத்தம் செய்து, சீலன்ட் தடவி, மூன்று சுற்றாக 65 அடி-பவுண்டுக்கு இறுக்கினேன். இந்தக் கசிவுக்கு மூன்று டாலர் மருந்து.

ஆனால் ஹெட் திறந்திருக்கும்போதே ஒரு சோதனை செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. 302, 327, 350 என்ஜின் மூன்றும் வெளியே அச்சு அசல் ஒன்றுதான். சிலிண்டர் விட்டமும் மூன்றுக்கும் 4 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டுமே வேறு: 302க்கு 3 அங்குலம், 327க்கு 3.25, 350க்கு 3.48. இதில் இசட்-28இன் 302 என்பது ஒரு கெட்டிக்காரத்தனம். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் 305 கன அங்குலத்துக்கு மேல் கூடாது என்பது விதி. 327 பிளாக்குக்குள் 283 என்ஜினின் குட்டைக் கிராங்கை வைத்துக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். 1967இல் அப்படி 602 இசட்-28தான் விற்றது, மறு வருடம் 7,199.

மகள் கிராங்கைச் சுற்றினாள். பிஸ்டன் உச்சியில் நின்றபோது ஆழம் ஓர் அளவு, அடியில் நின்றபோது ஓர் அளவு. கழித்தால் 88.4 மில்லிமீட்டர். 3.48 அங்குலம். அதாவது 350! ஒரு நிமிடம் எனக்கே குழப்பமாகிவிட்டது. இதுவாவது உண்மையா?

பிளாக்கின் பின்புறம், ஓட்டுநர் பக்கம், கியர்பாக்ஸ் பூட்டும் விளிம்பின் மேல் வார்ப்பு எண் இருக்கும். தலை நுழையாது. கம்பித் தூரிகையால் தேய்த்து, சுண்ணாம்புக்கட்டியை அழுத்தித் தடவி, மகள் தன் ஃபோனை இடுக்கில் விட்டுப் படம் எடுத்தாள். 3970010. 1969க்கு முன்னால் இந்த எண்ணே கிடையாது. மறுபக்கத்தில் தேதி: கே 21 1. ஏயிலிருந்து எண்ணினால் கே பதினோராவது மாதம். 1971 நவம்பர் 21. 1968 மார்ச்சில் செய்த வண்டிக்குள் 1971 நவம்பரில் வார்த்த இரும்பு. வலது ஹெட்டுக்கு முன்னால் ஆலைக் குறியீடு வெட்டியிருக்க வேண்டிய மேடையைப் பார்த்தேன்; எப்போதோ ஒரு லேத் பட்டறையில் சீவி, துடைத்த சிலேட்டு போல வெறுமையாக இருந்தது. பிறந்த 327 என்ன ஆனதோ தெரியாது. நல்ல 350 ஒன்று அதன் இடத்தில் உட்கார்ந்து, அதைச் சாக்காக வைத்து யாரோ முத்திரைகளைச் சேர்த்திருக்கிறார்கள். 350 என்றால் எஸ்எஸ்தானே என்று.

உதிரிப் பெட்டி அதற்கடுத்த வாரம் வந்தது. துருப்பிடித்த வைப்பர் மோட்டார், உடைந்த கண்ணாடிக் கைப்பிடிகள், பெயர் தெரியாத பிராக்கெட்டுகள். அடியில் செய்தித்தாளில் சுற்றி இரண்டு பக்கவிளக்குச் சட்டங்கள். குரோம் புள்ளி புள்ளியாக அரித்துப்போய், இடுக்கில் லீமான்ஸ் நீலம் துளித் துளியாகத் தெறித்திருந்தது. எழுதியிருந்த எண் 327. எந்த என்ஜின் என்பதை முன் பக்கவிளக்கிலேயே பொறித்து வைத்தது இந்த 1968இல் மட்டும்தான்.

எஸ்எஸ் முத்திரைகளைக் கழற்றிவிட்டேன். கிரில்லிலும் பெட்ரோல் மூடியிலும் சாதாரணமானவை வந்துவிட்டன. பின்தகட்டின் கறுப்பு போய்விட்டது. பானட்டுக்கு அலங்காரத் தகடில்லாத தட்டையான ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அசல் 327 பிளாக் ஒன்று வாங்கி, மேடையில் என் வண்டி எண்ணை வெட்டித் தர ஆள் இருக்கிறது என்று ஒருவர் ஜாடையாகச் சொன்னார். என்னை ஏமாற்றியதையே நான் அடுத்தவருக்குச் செய்யும் ஏற்பாடு அது. வேண்டாம் என்றுவிட்டேன்.

போன சனிக்கிழமை பழைய சட்டங்களைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்த்தோம். வலப்பக்கத்தில் பொருத்திப் பார்த்தேன், இத்தனை வருடம் பிரிந்திருந்ததற்கான அடையாளமே இல்லாமல் உட்கார்ந்தது. மகள் தள்ளி நின்று பார்த்தாள்.

“அப்பா, உள்ளே இருப்பது 350தானே?”

ஆமாம் என்றேன்.

“அப்படியென்றால் வெளியே 327 என்று போடுவது மட்டும் சரியா?”

பிறந்தபோது அது 327 என்றேன். “அது எனக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாதே” என்றாள். பதில் யோசித்துக்கொண்டே சட்டத்தைக் கழற்றினேன். இப்போதைக்கு அலமாரியில் 327, 350 இரண்டு ஜோடியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வலது ஃபெண்டர் துளையில் டேப் ஒட்டியிருக்கிறது. இடப்பக்கத்தின் பல் பல்லான விளிம்பை வெட்டி, 1968 ஃபெண்டரிலிருந்து எடுத்த துண்டை வெல்டிங் வைக்கும் வேலை அடுத்த மாதம்.